பாதி என்னும் பொய்க்கணக்கு

சர்வர் அறைக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது: "எல்லாத் தரவும் இரண்டு பிரதி, ஆகவே வாங்கிய டிஸ்கில் பாதி நமக்கு." மெய்நிகர் கணினிகளுக்கான சேமிப்பகத்துக்கு விலைப்புள்ளி கேட்பவர், கொடுப்பவர், கையெழுத்துப் போடுபவர் மூவரும் இந்த ஒரே வகுத்தலோடு எழுந்துவிடுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் இது. கறிக்கு உதவாது.

போட்டுப் பார்ப்போம். நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் டிஸ்க் நான்கு. மொத்தம் 64, பாதி 32. முதல் அடி அலகிலேயே விழுகிறது. டிஸ்க் தயாரிப்பவருக்கு ஒரு டெராபைட் என்றால் லட்சம் கோடி பைட். மென்பொருள்கள் பலவும் 1024இன் அடுக்குகளில் எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் 4 டெராபைட் டிஸ்க் வெறும் 3.64. உறை பிரிக்கும் முன்பே 32 என்பது 29 ஆகிவிட்டது.

அது சில்லறைக் கழிவு. பெரிய கழிவு, ஒரு சர்வர் சாகிற நாளில் வருகிறது. அதிலிருந்த பிரதிகளை மீதி மூன்றிலும் மென்பொருள் புதிதாக எழுதத் தொடங்கும். இத்தனை செலவு செய்ததே அதற்காகத்தான். ஆனால் எழுத இடம் வேண்டுமே? நான்கும் 70 சதவீதம் நிரம்பியிருந்தால், அதே சுமை மூன்றின் தலையில் ஏறும்போது 93 சதவீதம் ஆகும். 75 என்றால் சரியாக 100. செஃப் என்ற சேமிப்பு மென்பொருளின் இயல்பு அமைப்பைப் பாருங்கள்: டிஸ்க் 85 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கும், 90இல் அந்த டிஸ்குக்குப் பிரதிகளை நகர்த்துவதை நிறுத்தும், 95இல் எழுதவே விடாது. செத்தது ஒரு சர்வர். நின்றுபோவது அத்தனை மெய்நிகர் கணினிகளும்.

ஆகவே நேர்மையான கணக்கு ஒரு சர்வரைக் கழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். மீதி மூன்றில் 43.6, பாதி 21.8, அதில் 85 சதவீதம் 18.5. அறுபத்து நான்கு வாங்கியவர் அச்சமின்றி நிரப்பக்கூடியது இவ்வளவே. செஃப் இயல்பாக வைக்கும் மூன்று பிரதிகளோடு போனால் 12 சொச்சம்.

"இரண்டு பக்கமும் ஒரே நேரத்திலா கெட்டுப்போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டிஸ்க் கெடுவதற்கு அந்தக் கேள்வி சரி, நிரம்புவதற்குச் சரியல்ல. ஒரே தரவை ஒரே அளவில் வாங்கும் இரண்டு பக்கங்கள் ஒன்றாகத்தான் நிரம்பும். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பில், தரவுத்தளத்தில் சேர்ந்திருந்ததை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்கில் இடம் போதாமல் உதிரிபாக ஆர்டர் முறை முடங்கியது என்று நிறுவனமே விளக்கியது. மாற்று ஏற்பாடு இருந்தது. அதுவும் அதே அமைப்பில் ஓடியதால் அங்கும் அதே கோளாறு. பெரிய கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே ஆலைகள் மறுநாள் மீண்டன.

இரண்டே சர்வர் உள்ள இடத்தில் மட்டும் பாதிக்கணக்கு ஓரளவு செல்லும். அங்கே மறுபிரதி எழுத மூன்றாவது இடமே இல்லை. ஆனால் ஒன்று போனால், அது பழுதுநீங்கி வரும்வரை ஒற்றைப் பிரதியோடு காலம் தள்ள வேண்டும். அங்கும், கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வளர்ந்தால் இரு பக்கமும் வளரும். 80 ஜிபி பயன்படுத்தும் கணினிக்கு 500 ஜிபி தருவதாகச் சொல்லிவைத்திருந்தால், அது ஒருநாள் அந்த வாக்கைக் கேட்டு வரும்.

"மூன்றில் இரண்டு பங்கு வீணா?" என்று நிதிப் பிரிவு கேட்கும். டயர் பஞ்சராகாத நாளெல்லாம் வண்டியில் ஸ்டெப்னியும் வீண்தான். டிக்கியில் இடம் போதவில்லை என்று அதைக் கழற்றிவிட்டுப் பயணம் போகிறவரை யாரும் சிக்கனக்காரர் என்று சொல்வதில்லை.

அடுத்த விலைப்பட்டியலில் பயன்படும் கொள்ளளவு என்று ஓர் எண் வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு சர்வரை அடித்துவிட்டு மறுபடி வகுக்கச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்களுடையது.