மலை இல்லாத பாதை

“அங்க மலையே இல்லை! நடந்து என்ன பார்க்கிறது?” என்று சிலர் கேட்பார்கள். நிறையப் பார்க்கலாம் என்பேன் நான்.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. 1899 முதல் அதைப் பாதுகாத்து வருகிறார்கள். ஈர நிலத்தின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நாணல். அதற்கு அப்பால் வயல்கள். அந்த வயல்களும் முன்பு சதுப்பு நிலம்தான். தண்ணீரை வடித்ததால் மண் சுருங்கித் தாழ்ந்துவிட்டது.

மலையில் வேகமாக ஏறுபவர் முன்னால் போய்விடுவார். இங்கே அம்மம்மா மெல்ல நடக்கலாம். சக்கர நாற்காலியும் போகும். எல்லாரும் கதைச்சுக்கொண்டே சேர்ந்து போகலாம். எனக்கு அதுதான் நல்ல பாதை.

அடுத்த விடுமுறையில், “எங்க போவம்?” என்று வீட்டில் கேட்டால், நீங்கள் எந்தப் பாதையைச் சொல்வீர்கள்?