ஏற்றச் சொன்னவன் வீட்டில், அபராதம் டிரைவர் தலையில்!

வண்டி எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று சர்க்கார் ஆர்.சி. புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது. இதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. அளவு மீறிய பாரம் பிரேக்கை மீறும், டயரை வெடிக்கச் செய்யும், ஆளைக் கொல்லும். அப்படிச் சாகிறவன் டிரைவர், லோடுமேன், அல்லது தெருவில் போகிற ஏழை. சரக்கின் சொந்தக்காரன் அல்ல. எடைச் சட்டம் வேண்டும் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நாம் கேட்பது வேறு. பாரத்தை ஏற்றச் சொன்னவன் யார், தண்டம் அழுகிறவன் யார்?

மயிலாப்பூரைப் பாருங்கள். மாட வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். பெரிய லாரி உள்ளே நுழையாது. போதாக்குறைக்கு மெட்ரோ ரயிலுக்காக ரோடுகளை அடைத்திருக்கிறார்கள். ஆகவே சிமெண்டும் மணலும் டைல்ஸும் குட்டி யானையில்தான் போக வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பதால், கடன் வாங்கியாவது ஒரு வண்டி எடுத்துப் பிழைக்கலாம் என்று வந்தவர்கள் ஏராளம். வண்டி பெயருக்குத்தான் அவர்களுடையது. தவணை முடியும் வரை பைனான்ஸ் கம்பெனிதான் உண்மையான எஜமான்.

2005-ல் டாட்டா கம்பெனி இந்த வண்டியை இறக்கியபோது முக்கால் டன் பாரத்துக்கு என்றுதான் இறக்கியது. முக்கால் டன் என்றால் 50 கிலோ சிமெண்ட் மூட்டை 15. கடைக்காரர் 25 மூட்டையை அடுக்கச் சொல்கிறார். "பதினைந்துதான் ஏற்றுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஸ்டாண்டில் வேறு வண்டியே இல்லையா?" என்று பதில் வரும். இரண்டு நடை வாடகையை ஒரு நடையில் முடிப்பது அவருக்கு லாபம். வழியில் வண்டியை மறித்தால் அவர் அங்கே இருக்க மாட்டார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 2019 வரை குறைந்தபட்ச அபராதம் 2,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 1,000. 2019-ல் திருத்தினார்கள்: 20,000 ரூபாய், டன்னுக்கு 2,000. எடை போட மறுத்தால் 40,000! அதிகப்படி பாரத்தை இறக்க வேண்டுமென்றால், டிரைவர் தன் சொந்தப் பொறுப்பில் இறக்க வேண்டுமாம். மூட்டை ஒன்று உடைந்தால் அதற்கும் அவனே ஜவாப்தாரி.

இதே சர்க்கார் பெரிய வண்டிகளின் விஷயத்தில் எப்படி நடந்தது? 2018 ஜூலையில் ஒரே பேனா வீச்சில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள். நேற்று வரை ஆபத்து என்று சொன்ன பாரம் இன்று சட்டப்படி சரியாகிவிட்டது. அந்த இரண்டேகால் டன்னைத் தோளில் சுமக்கிற லோடுமேனின் கூலியைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரி உண்டா? அதற்கு முன்பு சில மாநில சர்க்கார்கள் பணம் வாங்கிக்கொண்டு அதிக பாரத்துக்கு அனுமதி அட்டையே கொடுத்து வந்தன. 2005 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. காசு கொடுத்தால் ரோடு தாங்குமோ?

கிராமத்துத் தோழர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். டிராக்டருக்கு ஒரு நம்பர், பின்னால் பூட்டுகிற டிரெய்லருக்குத் தனி நம்பர், தனி எடை. இரண்டும் சேர்ந்து சரக்கு ஏற்றினால் அது சரக்கு வண்டி, பர்மிட் வேண்டும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த டிரெய்லரில்தான் நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களை ஏற்றிப் போகிறார்கள். மிராசுதார் வேறு வண்டி வைக்க மாட்டார். தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர் பள்ளத்தில் இறங்கும்போது டிராக்டரையே தள்ளிக் கவிழ்க்கிறது. செத்தவர்களுக்கு நஷ்டஈடு கேட்டால், சரக்கு வண்டியில் பயணம் செய்தவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி 2002-ம் வருஷத்துத் தீர்ப்பைக் காட்டுகிறது.

லைசென்சிலும் இதே கம்பெனிகள் தகராறு செய்தன. இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவன் சரக்கு வண்டி ஓட்டினால் நஷ்டஈடு தர மாட்டோம் என்று வருஷக்கணக்கில் வாதாடின. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அந்த லைசென்சே போதும் என்று 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த வாதம் அடங்கியது.

புதுச் சட்டம் வேண்டுமென்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. 194-வது பிரிவில் ஓட்டுகிறவன் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவனும் குற்றவாளிதான். அந்த வார்த்தை இன்ஸ்பெக்டர்களின் கண்ணில் மட்டும் படுவதில்லை. சிமெண்ட் கடையானாலும் செங்கல் சூளையானாலும், ஏற்றுகிற இடத்திலேயே எடைச் சீட்டு எழுதி, ஏற்றச் சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட மறுப்பவரிடமே அபராதத்தை வசூலிக்க வேண்டும்.

அதுவரை ஒரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது. பதினைந்து மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஸ்டாண்டு முழுவதும் ஒரே முடிவாக நின்றால், கடைக்காரருக்கு அந்த "வேறு வண்டி" எங்கிருந்து வரும்?