காவலுக்கும் கடிவாளம் வேண்டும்



“பிள்ளைகளின் நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்” என்னும் விளம்பரத்தோடு சத்துமாவும் மாத்திரையும் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பெருகினால் நல்லதுதானே என்று நாமும் வாங்கிவிடுகிறோம். ஆனால், நம் உடலின் தற்காப்பு வெறும் பெருக்கத்தால் இயங்குவதன்று. குருதியில் ஓடும் ‘காம்ப்ளிமெண்ட்’ எனும் நிரப்புப் புரதத் தொகுதியே இதற்குச் சான்று.

1890களில் பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய பெல்ஜிய அறிஞர் ஜூல்ஸ் போர்டே, நோய் எதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதித் தெளிநீரைச் சூடாக்கினார். கிருமிகளைக் கொல்லும் திறனை அது இழந்தது. எதிர்ப்புப் பெறாத விலங்கின் புதிய தெளிநீரைச் சிறிதளவு சேர்த்ததும் அத்திறன் மீண்டது. எதிர்ப்பொருள் மட்டும் போதாது. அதன் பணியை நிறைவு செய்ய வேறொன்றும் வேண்டும் என்பது புலனாயிற்று. போர்டேவுக்கு 1919ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தொகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் உள்ளன. பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகி, உறங்கும் நிலையில் குருதியில் உலவுகின்றன. கிருமி நுழைந்ததும் ஒன்று மற்றொன்றை எழுப்பிவிடுகிறது. சில, கிருமியின்மேல் ஒட்டி அதனை வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. சில, வெள்ளணுக்களை அவ்விடத்திற்கு வரவழைக்கின்றன. இன்னும் சில ஒன்றுகூடிக் கிருமியின் சவ்வைத் துளைக்கின்றன.

துளையிடும் இப்புரதங்கள் பிறவியிலேயே குறைந்தவர்களை மெனிங்கோகாக்கஸ் கிருமி மீண்டும் மீண்டும் தாக்கக்கூடும். மூளையுறை அழற்சி உண்டாகும். எனவே, ஒரு பிள்ளைக்கு இந்நோய் மறுபடியும் வந்தால், இக்குறை உண்டா எனச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேட்பது நன்று.

மறுபக்கத்தையும் காண்போம். நம் சொந்த உயிரணுக்களைத் துளையிலிருந்து காப்பதற்கெனத் தடுப்புப் புரதங்கள் உள்ளன. அவை அமையாத ஓர் அரிய நோயில் சிவப்பணுக்கள் உடைந்து சிதைகின்றன. இந்நோய்க்கென 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எக்குலிசுமாப் என்னும் மருந்து, இத்தொகுதியின் இறுதிக் கட்டத்தைத் தடுக்கிறது. அதனாலேயே, அம்மருந்தைப் பெறுவோர் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. அடக்கினால் கிருமி தாக்கும். அவிழ்த்துவிட்டால் தன்னுடலே சிதையும்!

ஆகவே, “எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்” என்போரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பெருகுவது எது? தாக்கும் புரதமா, தடுக்கும் புரதமா?

தடுப்பூசியின் பணி வேறு. ஒரு குறிப்பிட்ட கிருமிக்குரிய எதிர்ப்பொருளை அது உடலில் உருவாக்குகிறது. அவ்வெதிர்ப்பொருள் கிருமியைப் பற்றிக்கொண்டதும், நிரப்புப் புரதங்கள் அவ்விடத்திலேயே விழித்தெழுகின்றன. இலக்கறிந்த தாக்குதல் இது. மாவுக்குச் செலவிடுமுன், பிள்ளையின் தடுப்பூசி அட்டையை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

வகுப்பறையில் வெள்ளணுக்களைப் போர்வீரர்கள் என்கிறோம். அந்தப் போர்க்களத்தில் ‘நிறுத்து’ என ஆணையிடும் புரதங்களும் உண்டென்பதைச் சேர்த்தே கற்பிப்போம்.