பயனாளி என்னும் சொல்லும் இருநூறு ரூபாயும்

பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் 2025–26ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையைப் படித்தபோது எங்கள் விடுதிப் பொது அறையில் முப்பது பேர் அளவில் கூடியிருந்தோம். ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்ற அறிவிப்பு வந்ததும் கைதட்டல் எழுந்தது. எங்களில் எவருக்கும் அந்த வருமானம் இன்று இல்லை. என்றேனும் வரும் என்ற நம்பிக்கைக்குக் கைதட்டினோம். நானும் தட்டினேன். மறுநாள் செலவின ஆவணங்களைப் பிரித்துப் படித்த பிறகு அந்தக் கைதட்டல் எனக்கு உறுத்தத் தொடங்கியது. இப்பதிவு அந்த உறுத்தலிலிருந்து எழுதப்படுகிறது.

என் கூற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய ஒன்றியத்தின் நிதிநிலை அறிக்கை உழைப்பவர்களுக்கும் உதவி பெறுபவர்களுக்கும் நியாயம் செய்யவில்லை. பணம் போதவில்லை என்பது காரணத்தின் ஒரு பகுதிதான். எவருடைய வருமானம் விலைவாசியோடு தானே உயர வேண்டும், எவருடையது உயர வேண்டியதில்லை என்று அரசு சத்தமில்லாமல் வகுத்து வைத்திருக்கும் வேறுபாடே முதன்மையான அநீதி.

தேசிய சமூக உதவித் திட்டம் 1995இல் தொடங்கியது. முதியோருக்கு மாதம் 75 ரூபாய் தரப்பட்டது. 2006இல் அது 200 ரூபாய் ஆயிற்று. இன்றும், அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு அதே 200 ரூபாய்தான். கைம்பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 300 ரூபாய். அது 2012க்குப் பிறகு அசையவில்லை. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி மும்மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. அதாவது ஓர் அறிவிப்புமின்றி, ஒரு விவாதமுமின்றி, அந்த ஓய்வூதியம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கப்பட்டுவிட்டது. குறைத்தவர் எவர் என்று கேட்டால் விடை கிடைக்காது. செயப்பாட்டு வினையில் எழுவாய் மறைந்துவிடும் என்று மொழியியல் முதலாண்டிலேயே எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள்.

இத்திட்டத்துக்கு 2025–26இல் ஒதுக்கீடு 9,652 கோடி ரூபாய். 2024–25இலும் அதே 9,652 கோடி. அதற்கு முந்தைய ஆண்டும் ஏறத்தாழ அதே எண். ஒன்றிய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாய் செலவில் பத்தொன்பது காசு.

இதற்குப் பக்கத்தில் வேறு சிலவற்றை வைத்துப் பாருங்கள். அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை உயர்கிறது. எட்டாவது ஊதியக் குழுவுக்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம் பணவீக்கக் குறியீட்டோடு இணைக்கப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானே உயரும்படி செய்யப்பட்டது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. விலை ஏறினால் ஊதியமும் ஏற வேண்டும் என்பது சரியான கொள்கை. அந்தக் கொள்கையைத் தமக்கு எழுதிக்கொண்ட அவை, எழுபது வயதுக் கூலித் தொழிலாளிக்கு ஏன் எழுதவில்லை என்பதே கேள்வி. கிராமப்புற மேம்பாட்டுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இத்தொகையை உயர்த்தும்படி திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரை அச்சாகிறது, தொகை அப்படியே நிற்கிறது.

என்னையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். ஆய்வு மாணவர்களின் இளநிலை உதவித்தொகை 2014இல் 25,000 ரூபாய், 2019இல் 31,000, 2023இல் 37,000 என்று உயர்ந்தது. எளிதாகக் கிடைக்கவில்லை, தெருவில் இறங்கிக் கேட்டோம், ஆங்கிலத்தில் மனு எழுதினோம், தொலைக்காட்சிகள் வந்தன. இருநூறு ரூபாய்க்காரருக்கு அந்தத் தெருவும் இல்லை, அந்த ஆங்கிலமும் இல்லை.

என் ஆய்வு குரூக் மொழி பற்றியது. ஜார்கண்டிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஒராவோன் மக்கள் பேசும் வட திராவிட மொழி. நம் ‘கண்’ அங்கே ‘ஃகன்’ என்று ஒலிக்கும். களப்பணிக்காகச் சென்ற ஊரில் எனக்குச் சொற்களைக் கற்றுத் தந்த மூதாட்டி ஒருவருக்கு ஓய்வூதியம் பதினொரு மாதமாக வரவில்லை. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அப்பகுதியில் பரவலாக வழங்கும், புதன்கிழமை பிறந்த பெண்ணுக்கு இடப்படும் ‘புத்னி’ என்ற பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆதார் அட்டையில் அவர் ‘புத்னி’. வங்கிப் புத்தகத்தில் ‘புதனி’. ஓய்வூதியப் பட்டியலில், எந்த எழுத்தரோ மரியாதைக்குச் சேர்த்துவிட்ட ‘தேவி’யோடு ‘புத்னி தேவி’. தேவநாகரியில் மெய்யெழுத்துக்குள் அகரம் உறைந்திருக்கும். உரோமன் எழுத்துக்கு மாற்றும்போது ஒருவர் அதை எழுதுவார், இன்னொருவர் விடுவார். என் துறையில் இது ஒரு பத்தியில் விளக்கிவிடக்கூடிய எளிய செய்தி. அவருக்கோ அது பதினொரு மாத உப்பும் எண்ணெயும். வங்கிக்கும் வட்டார அலுவலகத்துக்குமாக நானும் அவரோடு இரண்டு முறை அலைந்தேன். மூன்று பெண்களையும் ஒருவராக்கக் கணினிக்குத் தெரியவில்லை. எதிரில் அமர்ந்திருந்த அலுவலருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை.

அங்கே காதில் விழுந்த ஒரு சொல் என்னை விடவில்லை. அலுவலகத்தில் இத்தகையவரை ‘லாபார்த்தி’ என்கிறார்கள். லாபம், அர்த்தி என்ற இரு சொற்களின் சேர்க்கை. அர்த்தி என்றால் வேண்டி நிற்பவர். நாம் தமிழில் ‘பயனாளி’ என்கிறோம். அதிலும் பெறுபவர் மட்டுமே தெரிகிறார், தரக் கடமைப்பட்டவர் தெரிவதில்லை. அதே வடக்கில், வேலை உறுதிச் சட்டத்துக்காகவும் உணவுரிமைக்காகவும் போராடிய இயக்கங்கள் வேறொரு சொல்லைப் புழங்கின: ‘ஹக்தார்’, உரிமை உடையவர். நிதிநிலை அறிக்கையின் சொற்களை இக்கண்ணோடு படித்துப் பாருங்கள். நிறுவனங்களுக்குத் தருவது ‘ஊக்கத்தொகை’. ஏழைக்குத் தருவது ‘மானியம்’. நிறுவன வரி குறைந்தால் ‘சீர்திருத்தம்’. உணவுக்கான செலவு கூடினால் ‘சுமை’. சொல் மாறினால் வயிறு நிரம்பாது என்பதை அறிவேன். எனினும் எந்தச் செலவை எவர் கேள்வி கேட்கலாம் என்பதைச் சொற்களே முன்கூட்டி முடிவு செய்துவிடுகின்றன.

இச்சொற்களில் ஆகக் கொடியது ‘மதிப்பூதியம்’. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் தருவதை அரசு ஊதியம் என்று அழைப்பதில்லை. ஊதியம் என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து நிற்கும். எனவே மதிப்பைக் கொடுத்து ஊதியத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். 2018 அக்டோபரில் உயர்த்தியது, அதன்பின் இல்லை. நாள் கணக்கில் 150 ரூபாயும் 75 ரூபாயும். தேசியத் தரைமட்டக் கூலி என்று இதே அரசு 2019இல் அறிவித்ததே 178 ரூபாய். அரசே அமைத்த வல்லுநர் குழு அவ்வாண்டு 375 ரூபாய் என்று பரிந்துரைத்தது. மாநிலங்கள் தம் பங்குக்குக் கூட்டித் தருகின்றன, உண்மை. ஆனால் திட்டம் ஒன்றியத்தினுடையது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தோளில் நிற்பது. 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்குமாறு பரிந்துரைத்தது. அம்மாநாடே 2015க்குப் பிறகு கூட்டப்படவில்லை. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இவர்கள் பெறும் மதிப்பூதியம் பணிக்கொடைச் சட்டத்தின் பொருளில் ஊதியமே என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்கு விளங்கிய பொருள் கருவூலத்துக்கு இன்னும் விளங்கவில்லை. இவ்வாண்டு உரையில் அங்கன்வாடி ஊட்டச்சத்துக்கான செலவு வரம்பு உயரும் என்றார்கள்; வரவேற்கிறேன். அந்த உணவைச் சமைத்துப் பரிமாறும் கைக்கு ஒன்றும் உயரவில்லை.

அடுத்து, நூறு நாள் வேலை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர், கேட்டவருக்கு வேலை என்பது. செலவு கேட்பைப் பொறுத்தது. முன்கூட்டி அடைக்கும் அணை அதற்கு இருக்கக் கூடாது. நடைமுறை வேறு. 2023–24இல் 60,000 கோடி என்று தொடங்கித் திருத்திய மதிப்பீட்டில் 86,000 கோடிக்கு வந்தார்கள். 2024–25க்கு 86,000 கோடி. 2025–26க்கும் 86,000 கோடி. கூலி ஆண்டுதோறும் சிறிதளவு உயர்ந்தது; முந்தைய ஆண்டின் பாக்கியும் இதிலிருந்தே கழிந்தது; மொத்தத் தொகை மட்டும் அசையாமல் நின்றது. அப்படியானால் குறைவது எது? வேலை நாள். உரிமையைச் சட்டத்தில் வைத்துவிட்டு, அதை ஒதுக்கீட்டில் திருப்பி எடுத்துக்கொள்ளும் முறை இது.

கூலியும் அப்படியே. 2024–25இல் ஜார்கண்டிலும் பீகாரிலும் நாளொன்றுக்கு 245 ரூபாய், தமிழ்நாட்டில் 319, ஹரியானாவில் 374. இதைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு அப்பால் நிர்ணயிக்கலாம் என்று சட்டத்தின் ஆறாவது பிரிவே இடம் தந்தது. ஆனால் 1983இல் ராஜஸ்தான் வறட்சி நிவாரணப் பணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு, நிவாரணம் என்று பெயர் வைத்தாலும் உழைப்பு உழைப்புதான். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வாதம் கருவூலத்தின் வாசலிலேயே நிற்கிறது.

இனி, எதிர்வாதங்கள்.

“பணம் எங்கே இருக்கிறது?” என்பார்கள். நிதிப் பற்றாக்குறையை 4.4 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பார்கள். அதே உரையில், வருமான வரிச் சலுகையால் அரசு துறக்கும் வருவாய் சுமார் 1 லட்சம் கோடி என்று அமைச்சரே சொன்னார். சமூக உதவித் திட்டத்தில் இருப்போர் ஏறத்தாழ 3 கோடிப் பேர். ஒவ்வொருவருக்கும் மாதம் 800 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 28,800 கோடி. துறந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2019 செப்டம்பரில் நிறுவன வரியைக் குறைத்தபோது அரசு மதிப்பிட்ட இழப்பு 1.45 லட்சம் கோடி. அதன் பயன் என்ன? இந்த நிதிநிலை அறிக்கைக்கு முதல் நாள் வெளியான அரசின் பொருளாதார ஆய்வறிக்கையைப் படியுங்கள். 2023–24இல் நிறுவன லாபம் பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உச்சம், லாபம் 22.3 விழுக்காடு உயர, வேலைவாய்ப்பு உயர்ந்தது 1.5 விழுக்காடு. இதை எழுதியது எந்தத் தொழிற்சங்கமும் அல்ல. நோயை அரசே எழுதியது. மருந்தை மட்டும் மறுநாள் எழுத மறந்தது.

“நடுத்தர வர்க்கம்தானே வரி கட்டுகிறது?” என்பது இரண்டாவது. மூதாட்டி வாங்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் சரக்கு சேவை வரி உண்டு. அவர் வரி கட்டுபவர்தான். கட்டியதற்குச் சான்றிதழ் பெறாதவர்.

“மாநிலங்கள் தருகின்றனவே?” என்பது மூன்றாவது. தருகின்றன. 2025 தொடக்கத்தில் கேரளத்தில் 1,600 ரூபாய், ஆந்திரத்தில் 4,000 ரூபாய். இதன் பொருள், ஒரு முதியவரின் கண்ணியம் அவர் எந்த எல்லைக்கு இப்பால் பிறந்தார் என்பதைப் பொறுத்தது என்பதே. ஏழை மாநிலத்து ஏழைக்குத்தான் ஒன்றியத்தின் பங்கு மிகவும் வேண்டும்.

“ஊழல் நடக்கிறதே?” என்பது நான்காவது. நடக்கிறது. களத்தில் நானே கண்டிருக்கிறேன். ஆனால் ஊழலுக்குத் தண்டனை எவருக்கு? மேற்கு வங்கத்தில் முறைகேடு என்று சொல்லி 2022 மார்ச்சில் வேலை உறுதித் திட்ட நிதி நிறுத்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அம்மாநிலத்துத் தொழிலாளிக்கு அத்திட்டத்தில் வேலை கிடைக்கவில்லை. திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டுக்கொடுத்தவனின் வீட்டைப் பூட்டுவதற்கு நிர்வாகம் என்று பெயரில்லை.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். செயலிவழித் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் தரப்படும் என்று இவ்வுரை அறிவித்தது. சுமார் ஒரு கோடிப் பேருக்கு இது பயன்படும் என்றார்கள். நல்ல தொடக்கம். ஆனால் 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அட்டை கைக்கு வரும். அதைக் காட்டிக் கேட்கச் சட்டம் இருக்க வேண்டும்.

வரி அறிவிப்புகளுக்கு முன்னுரையாக நிதியமைச்சர் திருக்குறளின் 542ஆம் குறளைச் சொன்னார். உயிர்கள் மழையை எதிர்நோக்கி வாழ்வதுபோல் குடிமக்கள் நல்லாட்சியை எதிர்நோக்கி வாழ்கிறார்கள் என்பது அதன் கருத்து. எங்கள் அறையில் தமிழர் நால்வர் பெருமையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குறள் அமர்ந்திருக்கும் அதிகாரத்தின் பெயர் செங்கோன்மை. கோல் ஒரு பக்கம் சாயாமல் நிற்பது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்மீது மட்டும் பெய்வதை அந்த அதிகாரம் மழையென்று ஒப்புக்கொள்ளாது.

கேட்பது பெரிதில்லை. முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை உயர்த்தி, நாடாளுமன்ற உறுப்பினரின் ஊதியம்போல் விலைவாசியோடு இணையுங்கள். மதிப்பூதியம் என்ற சொல்லை நீக்கி ஊதியம் என்று எழுதுங்கள். வேலை உறுதிக்கான நிதியைக் கேட்பின்படி ஒதுக்குங்கள். பெயரில் ஓர் உயிரெழுத்து பிழைத்ததற்காக எவருடைய உணவும் நிற்கக் கூடாது என்று விதி செய்யுங்கள்.

நண்பர்களிடம் ஒன்று. உங்களில் பலருக்கு ஏப்ரல் முதல் மாதந்தோறும் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். மகிழுங்கள், அது உங்கள் உழைப்பு. அடுத்த பிப்ரவரியில் தொலைக்காட்சி முன் அமரும்போது உங்கள் வரி அடுக்கைத் தேடிய கையோடு, 9,652 என்ற எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறவில்லையென்றால் கைதட்டாதீர்கள்.