‘உடம்பு வலி’ என்று முடிக்காதீர்கள், என்ன வேலை என்று எழுதுங்கள்

நடவு முடிந்த வாரங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் ஓ.பி. வரிசையில் நடவுக்குப் போய்வந்த பெண்கள் நிற்பார்கள். நாங்கள் வாங்கிப் பார்த்த சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது: ‘பாடி பெயின்’. கீழே மூன்று நாளைக்கு மாத்திரை. எந்தக் கை, எந்த மூட்டு, எத்தனை மாதமாக, எதைச் செய்யும்போது வலிக்கிறது, அவர் என்ன வேலை செய்கிறார் என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நாம் பேச வேண்டிய சாதி அரசியலில் ஒரு பெரிய துண்டு இந்தச் சீட்டில்தான் மறைந்திருக்கிறது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் வேலையைப் பார்ப்போம். 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து. ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2 லட்சம் குத்து. பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் ஓர் ஏக்கரை முடித்தால், ஆளுக்கு 20,000 தடவை. இடுப்பை மடித்துக் குனிந்தபடி, சேற்றில் பின்னோக்கி நடந்துகொண்டே, கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் சேர்த்து நாற்றை ஊன்ற வேண்டும். மறுநாள் இன்னொரு வயல். குறுவை முடிந்தால் சம்பா, பிறகு தாளடி. இடையில் நாற்றுப் பறிப்பு, களை, அறுப்பு. பதினைந்து வயதில் இறங்கியவர் ஐம்பது வயதிலும் அதே சேற்றில் நிற்கிறார்.

இப்படி உழைக்கும் கையில் தேய்வது எலும்பு மட்டும் அல்ல. தசை, தசைநார், அதைச் சுற்றிய உறை, மூட்டருகே இருக்கும் நீர்ப்பை ஆகியவற்றை மென்திசு என்கிறது மருத்துவம். கட்டைவிரலின் அடியில் தசைநார் உறை வீங்கினால் ஒரு குடத்தைக்கூடத் தூக்க முடியாது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். படம் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால், வலி பொய் என்ற பார்வையும் கூடவே வந்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் புத்தகம் ஐ.சி.டி. 10. நோய்களுக்கெல்லாம் எண் கொடுத்து, உலகம் முழுக்க ஒரே மாதிரி எண்ண உதவும் பட்டியல் அது. அதில் மென்திசுக் கோளாறுகளுக்கு எம்60 முதல் எம்79 வரை எண்கள் இருக்கின்றன. கடைசி எண்ணான எம்79, வேறு எங்கும் அடங்காதவற்றைப் போடும் பெட்டி. வெறும் ‘தசை வலி’, ‘கை கால் வலி’ எல்லாம் அங்கேதான் போய் விழும். அதே பக்கங்களில் எம்70 என்று இன்னோர் எண் இருக்கிறது. பயன்பாட்டாலும், மிகை உழைப்பாலும், அழுத்தத்தாலும் வரும் மென்திசுக் கோளாறுகளுக்கானது அது. தொழிலால் வருபவை இதில் அடங்கும் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. கட்டைவிரல் உறை வீக்கத்துக்கு எம்65.4 என்று தனி எண் உண்டு. ‘வேலை சார்ந்த நிலை’ என்று கூடுதலாகக் குறிக்க ஒய்96 என்ற எண்ணும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11இல் நோயையும் காரணத்தையும் ஒன்றாகக் கோத்து எழுத வசதி இருக்கிறது.

ஆக, உலகப் புத்தகத்தில் நம் அக்காக்களின் மணிக்கட்டுக்கு இடம் இருக்கிறது. ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் இல்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறியீடு போடும் வேலை பெரும்பாலும் உள்நோயாளிகளின் கோப்புகளுக்கே நடக்கிறது. காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். மணிக்கட்டு வலிக்காக நடவாள் யாரும் அட்மிட் ஆவதில்லை. சீட்டை வாங்கி, மாத்திரையை விழுங்கி, மறுநாள் வயலுக்குப் போகிறார். வலி தாங்கவில்லை என்றால் மெடிக்கலில் ‘ஒரு செட்’ வாங்கிக்கொள்கிறார். வலி மாத்திரையை வருடக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெடும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் ஏறுவதில்லை.

எண்ணப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் டெல்டாவிலேயே உதாரணம் உண்டு. யானைக்கால் நோய்க்கு ஒரு பெயரும் எண்ணும் இருந்தன. 1955இல் அதற்கென்று தேசியத் திட்டம் வந்தது. இரவில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். கால் வீங்கியவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது. அதே சேற்றில் நின்ற அதே பெண்ணின் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் ஒரு பதிவேடுகூட இல்லை.

‘வேலை செய்தால் யாருக்கும்தான் வலிக்கும், இதில் சாதி எங்கே வந்தது?’ என்று கேட்பார்கள். டெல்டாவில் நிலம் யாரிடம் இருந்தது, சேற்றில் யார் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். திருவாரூர் மாவட்டத்தில் மட்டும் 34 சதவீதம். பண்ணையாள் முறை காகிதத்தில் ஒழிந்த பிறகும் நடவும் களையும் காலனிப் பெண்களின் முதுகில்தான் நின்றன. கூடவே ஒரு நம்பிக்கையும் நின்றது: ‘அவங்களுக்குப் பழகின உடம்பு.’ மேலத்தெருவில் சொன்ன இந்த வார்த்தைதான் ஆஸ்பத்திரியில் ‘பாடி பெயின்’ என்று ஆங்கில வேடம் போட்டு வருகிறது. இரண்டுமே அந்த வலிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்றுதான் சொல்கின்றன.

நம் பெண்கள் வலியைத் துல்லியமாகத்தான் சொல்கிறார்கள். கடுப்பு வேறு, குடைச்சல் வேறு, பிடிப்பு வேறு, மதமதப்பு வேறு. ராத்திரியில் விரல் மதமதத்து, கையை உதறினால் சரியாகிறது என்று ஒருவர் சொன்னால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தோளைத் தூக்கும்போது மட்டும் குத்துகிறது என்றால் அது வேறு. இத்தனை வார்த்தைகளும் ஒரே வார்த்தையாகச் சுருங்கும்போது நோயறிதலே தவறிப்போகிறது.

ஒரு தாக்குதல் நடந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் வேலையாக அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஏ.ஆர். காப்பி போட வைக்கிறோம். கன்றிய காயம் எத்தனை, எந்த இடத்தில், யார் எதால் அடித்தார்கள் என்று சொன்னது அப்படியே ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்கிறோம். அதில் ஒரு வார்த்தை விடுபட்டால் வன்கொடுமை வழக்கே தளர்ந்துவிடும் என்று நமக்குத் தெரியும். பண்ணையாள்களுக்கு விழுந்த சவுக்கடியும் சாணிப்பாலும்கூட, 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தமாக எழுதப்பட்ட பிறகுதான் நிற்கத் தொடங்கின. எழுத்தின் பலம் நமக்குப் புதிதல்ல. ஒரே நாளில் விழும் அடிக்குக் காட்டும் இந்தக் கவனத்தை, முப்பது வருடமாக விழும் அடிக்கும் காட்டுவோம் என்கிறோம்.

மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு காலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பார்ப்பவருக்கு நீளமாக எழுத நேரம் கிடையாது. ‘வேலையால்தான் வந்தது என்று நான் எப்படி உறுதியாகச் சொல்வேன்?’ என்றும் கேட்பார். தைராய்டு, சர்க்கரை, பழைய சிக்குன்குனியா எதுவும் காரணமாக இருக்கலாம் என்பதும் உண்மை. நாம் தீர்ப்பு கேட்கவில்லை. வேலையைக் கேட்டு எழுதச் சொல்கிறோம். நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்கள் பற்றிய தன் நூலில் எழுதியது 1700இல். முந்நூறு வருடத்துக்குப் பிறகும் நம் சீட்டில் அந்தக் கேள்வி ஏறவில்லை.

‘இயந்திர நடவு வந்துவிட்டதே’ என்பது இன்னொரு பதில். இயந்திரம் வந்ததால் கூலி போயிருக்கலாம். முப்பது வருடம் நட்ட கையின் வலி போய்விடவில்லை.

சட்டமும் பின்தங்கித்தான் இருக்கிறது. தொழில் நோய்க்கு நீண்ட காலம் இழப்பீடு தந்துவந்த சட்டம் 1923இல் ஆலையையும் சுரங்கத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கட்டைவிரல் உறை வீக்கம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதை வைத்து விவசாயக் கூலிகளுக்கும் கேட்கலாம். கேட்கும்போது ‘எத்தனை பேருக்கு?’ என்பார்கள். அப்போது காட்ட நம்மிடம் சீட்டு இருக்க வேண்டும்.

அதனால் மாணவத் தோழர்களுக்கு இந்தப் பருவத்துக்கு ஒரு வேலை. உங்கள் தெருப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் முன் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொடுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், எந்தப் பக்கம் எந்த இடம், எந்த அசைவில் கூடுகிறது, வேலை இல்லாத மாதத்தில் குறைகிறதா. அவர் வலியைச் சொன்ன தமிழ் வார்த்தையையும் அப்படியே எழுதுங்கள். தொழிலையும் இடத்தையும் சீட்டில் குறிக்கும்படி மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். 2021 முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அந்த ஊழியரிடமும் இதையே சொல்லுங்கள். ஒவ்வொரு சீட்டையும் படம் எடுத்து, அவரவர் சம்மதத்தோடு, பெயரை மறைத்துச் சேர்த்து வையுங்கள். சீட்டை மட்டும் அவரிடமே பத்திரமாக இருக்க விடுங்கள்.

ஓர் ஊரில் ஐம்பது சீட்டு சேர்ந்தால் கிராம சபையில் வைக்கலாம். பத்து ஊரில் சேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவாகப் போகலாம். ஓ.பி. சீட்டில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் அச்சடியுங்கள் என்பதுதான் அந்த மனுவின் முதல் கோரிக்கை.