நஞ்சில்லாத மரக்கறி ஏழைக்கு எட்டாததா?



யுத்த காலத்தில் சங்கக்கடை என்றால் எங்களில் பலருக்கு நிவாரண வரிசைதான் நினைவு. அட்டையும் உரப்பையுமாக வெயிலில் நின்று அரிசி, மா, சீனி, பருப்பு வாங்கி வந்தோம். தருவதை வாங்கும் இடமாகவே அதனை அறிந்திருந்தோம். ஆனால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் அதன் அங்கத்தவர்களுக்குச் சொந்தமானது. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு வாக்குத்தான். கடைக்குச் சொந்தக்காரர் நாங்கள் என்றால், அங்கே என்ன விற்பது, என்ன விலைக்கு விற்பது என்று கேட்கும் உரிமையும் எங்களுடையதே.

மாட்டெருவும் குழையும் போட்டு, கிருமிநாசினி அடிக்காமல் கத்தரி, பயிற்றை, கீரை விளைவிக்கும் பெண்கள் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். அதே மரக்கறி நகரத்துக் கடையில் பொதி செய்யப்பட்டு அடுக்கப்படும்போது, கூலி வேலைக்குப் போகும் பெண்ணால் கிட்டப் போக முடிவதில்லை. சேதன உணவு பணக்காரருக்கு உரியது என்ற எண்ணம் இப்படித்தான் வருகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. விளைச்சல் விழுந்து, விவசாயிகள் தெருவில் இறங்கியபின் நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. அதன்பின் சேதனம் என்ற சொல்லே பலருக்குக் கசந்துவிட்டது. ஒரே இரவில் கட்டளையிட்டு வரக்கூடிய மாற்றமல்ல இது. விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் கட்டுப்படியாகும் வழி வேண்டும்.

விலை எங்கே ஏறுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோ 200 ரூபாப்படி 10 கிலோ பயிற்றங்காய் வாங்குகிறோம் என வைத்துக்கொள்ளுங்கள். முதல் 2,000 ரூபா. அதில் 2 கிலோ வாடி வீணானால் மிஞ்சிய 8 கிலோவில் முதலை எடுக்க வேண்டும். அப்போது ஒரு கிலோவின் அடக்கம் 250 ரூபா. அதன்மேல் நூற்றுக்கு 60 வீதம் வைத்தால் விலை 400 ரூபா. எதுவும் வீணாகாமல், நூற்றுக்கு 25 வீதம் மட்டும் வைத்தால் 250 ரூபா. விளைவித்தவளுக்கு இரண்டு முறையிலும் கிடைத்தது 200 ரூபாதான். வாங்குபவளுக்கோ 150 ரூபா வித்தியாசம். ஆகவே விலையைக் குறைக்கத் தோட்டக்காரியின் வயிற்றில் அடிக்கத் தேவையில்லை. வீணாவதையும் கடையின் செலவையும் குறைத்தாலே போதும்.

கடைச் செலவைக் குறைத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் 1973இல் அயலவர்கள் சிலர் சேர்ந்து பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். பின்னர் அது பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்ட பெரிய கடையாக வளர்ந்தது. சேதன மரக்கறிகளும் தானியங்களும் அங்கே முக்கியமானவை. அங்கத்தவர் ஒவ்வொருவரும் சில வாரங்களுக்கு ஒரு முறை இரண்டே முக்கால் மணிநேரம் கடையில் வேலை செய்ய வேண்டும். பெட்டி இறக்குவது, நிறுத்துப் பொதி செய்வது, காசு வாங்குவது, கூட்டுவது எல்லாம் அவர்கள்தான். சம்பளம் பெறும் ஊழியர்களும் உண்டு. எனினும் பெரும்பங்கு வேலை அங்கத்தவர்களுடையது. அதனால் கொள்விலையின்மேல் நூற்றுக்கு 25 வீதமளவு மட்டுமே வைத்து விற்க முடிகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சேரும் பணத்தையும் குறைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நாள் கூலியில் அடுப்பு எரியும் வீட்டில், கணவனை இழந்த ஒரு தாய்க்கு அரைநாள் இலவச வேலை என்பது அரைநாள் பட்டினி. சிரமதானம் என்றாலே பெண்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கணக்குப் பார்க்கும் கதிரையில் வேறு யாரோ இருக்கிறார்கள். வேலையைப் பங்கிட்டால் அதிகாரத்தையும் பங்கிட வேண்டும். வேலை செய்ய முடியாதவளை ஒதுக்கவும் கூடாது. நேரம் கொடுக்கக்கூடியவர் நேரம் கொடுக்கட்டும். முடியாதவளின் வேலைக்கு மரக்கறியாகவேனும் கைம்மாறு கொடுக்கலாம்.

வீணாவதைத் தடுக்கும் வழியை யப்பானியப் பெண்களிடம் பார்க்கலாம். 1965இல் டோக்கியோவில் 200 பெண்கள் சேர்ந்து 300 போத்தல் பாலை ஒன்றாக வாங்கத் தொடங்கினார்கள். அது செய்காட்சு என்ற கூட்டுறவாக வளர்ந்தது. செய்காட்சு என்றால் வாழ்க்கை என்று பொருள். அயல் வீடுகள் சில சேர்ந்து ஒரு சிறு குழு. என்ன வேண்டும் என்று குழு முன்கூட்டியே சொல்லும். சொன்ன அளவே தோட்டத்திலிருந்து வரும். வந்தது முழுவதும் வீட்டுக்குப் போய்விடும். வாடுவதற்கு எதுவும் மிஞ்சாது. இந்த அமைப்புக்கு 1989இல், மாற்று நோபல் பரிசு எனப்படும் சரியான வாழ்வாதார விருது கிடைத்தது.

இந்த வேலைக்குப் பெரிய கட்டடமோ குளிரூட்டியோ வேண்டாம். ஒரு கொப்பியும் ஒரு தராசும் போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பத்து வீடுகள் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தேவையை எழுதி, புதன்கிழமை பிடுங்கிப் பங்கிடலாம். சங்கக்கடையின் ஒரு மூலையைக் கிளைக்குழுவிடம் கேட்டு வாங்கலாம். நூறு கிராம், கால் கிலோ என்று சிறிதாக விற்க வேண்டும். ஏழைக்கு எட்டாதது பல நேரம் விலை மட்டுமல்ல, பொதியின் அளவும்தான். உண்மையில் மருந்து அடிக்காததா என்ற சந்தேகத்துக்கு, விலை கூடிய சான்றிதழை நம்பி இருக்கத் தேவையில்லை. அங்கத்தவர்களே மாறி மாறித் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து உறுதி செய்யும் முறை பல நாடுகளில் நடக்கிறது. ஒருவர் வளவு ஒருவருக்குத் தெரிந்த எங்கள் ஊர்களில் அது இன்னும் இலகு.

ஒரு தடை மிச்சம் இருக்கிறது. அது கடன் கொப்பி. விலை கூடினாலும் சந்திக் கடையை நாங்கள் விடாதது, அங்கே கடன் கிடைப்பதால்தான். குறைந்த இலாபத்தில் ஓடும் கடை நீண்ட கடனைத் தாங்காது. சீட்டுப் போல வாரம் ஒரு சிறு தொகையை முன்கூட்டியே கட்டி, இல்லாத வாரத்தில் அதிலிருந்து எடுக்கும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிகவும் இல்லாதவள்தான் முதலில் விலகிப் போவாள். அவளுக்கு எட்டாத கடையை எங்கள் கடை என்று சொல்ல முடியாது.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். சங்கக்கடையில் எங்களில் எத்தனை பேர் அங்கத்தவர்? எங்கள் வளவுகளில் மருந்தடிக்காமல் விளைவது என்ன? அதில் எவ்வளவை நாங்களே வாங்கிச் சாப்பிடுகிறோம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, கொப்பியின் முதல் பக்கத்தில் அதை எழுதி வையுங்கள்.