காத்திருப்போர் பட்டியல் போதாது

2021 பிப்ரவரியில் ஒரு பெண் காவல் கண்காணிப்பாளர், சிறப்பு டிஜிபியாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் புறப்பட்டார். வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் செங்கல்பட்டு மாவட்ட எஸ்.பி. தலைமையில் போலீசார் அவரை மறித்தார்கள். வழக்குப் பதிவாகி சிபிசிஐடி விசாரணை தொடங்கிய பிறகும் சிறப்பு டிஜிபி கட்டாயக் காத்திருப்போர் பட்டியலில்தான் வைக்கப்பட்டிருந்தார். ஏன் இன்னும் பணியிடை நீக்கம் செய்யவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்ட பின்னரே, மார்ச் 18 அன்று அந்த உத்தரவு வந்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. காரை மறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். காக்கிச் சட்டை அணிந்த எஸ்.பி.யின் புகாரையே நடுவழியில் நிறுத்த முடிகிறது என்றால், ஸ்டேஷனில் அடிபட்ட கூலித் தொழிலாளியின் புகார் எத்தனை தூரம் போகும்?

குற்ற வழக்கில் சிக்கிய காவல் அதிகாரியை உடனே பணியிடை நீக்கம் செய்ய வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். மற்ற துறை ஊழியர் ஒருவர் மீது வழக்கு வந்தால், விசாரிப்பது வேறு துறை. போலீஸ்காரர் மீது வழக்கு வந்தால், சாட்சியை அழைத்து வருவதும், பொதுநாட்குறிப்பை வைத்திருப்பதும், கேமரா பதிவைக் காப்பதும் அவருடைய சகாக்களே. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் முழுச் சம்பளத்துடன் அடுத்த பணியிடத்துக்குக் காத்திருக்கிறார். நாளைக்கே இன்னொரு மாவட்டத்துக்குத் தலைமை ஏற்று வரலாம். சாட்சி சொல்லப்போகிறவருக்கும் அது தெரியும். 2023 மார்ச்சில், விசாரணைக்கு அழைத்துச் சென்றவர்களின் பற்களைப் பிடுங்கியதாக அம்பாசமுத்திரம் ஏ.எஸ்.பி. மீது புகார் எழுந்தபோதும் முதலில் காத்திருப்போர் பட்டியல்தான். சார் ஆட்சியர் விசாரணைக்கு வந்த ஒருவர், தான் கீழே விழுந்ததில் பல் உடைந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். மார்ச் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்த பிறகே பணியிடை நீக்கம் நடந்தது. அந்த வழக்கில் உண்மை எது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். சாட்சிகள் பயமின்றிப் பேசக்கூடிய சூழலை அதற்கு முன்பே உருவாக்கித் தர வேண்டியது அரசு.

சாத்தான்குளம் இன்னொரு பாடத்தைச் சொல்கிறது. 2020 ஜூனில் அங்குள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனுமான ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் இறந்த பிறகு இரண்டு உதவி ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் ஜூன் 28 அன்று கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரிக்கச் சென்றபோது அந்தக் காவல் நிலையத்தில் அவருக்கு ஒத்துழைப்பு இல்லை. ஒரு காவலர் அவரையே இழிவாகப் பேசினார். கேமரா பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. நடந்ததைச் சொன்ன பெண் தலைமைக் காவலர், வாக்குமூலத்தில் கையெழுத்திடவே அஞ்சினார். கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட வேண்டியதாயிற்று. அடித்ததாகச் சொல்லப்படும் இருவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, ஆவணங்களையும் சாட்சிகளையும் அதே அதிகாரச் சங்கிலியின் கையில் விட்டால் பணியிடை நீக்கத்தின் நோக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

குற்றம் நிரூபணமாகும் முன்பே தண்டிப்பதா என்று கேட்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் பணியிடை நீக்கம் தண்டனை இல்லை. வேலை பறிபோவதில்லை, பிழைப்பூதியம் உண்டு, வழக்கிலிருந்து விடுபட்டால் பணிக்குத் திரும்பலாம். ரவுடிகளும் கடத்தல்காரர்களும் பொய்ப் புகார் கொடுத்து நேர்மையான அதிகாரிகளை முடக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வெறும் மனு வந்ததுமே உத்தரவு போடச் சொல்லவில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவாகி, முதல்நிலை ஆதாரம் இருந்து, அந்த அதிகாரியின் கை சாட்சியை எட்டும் என்ற நிலை இருந்தால் போதும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், ஆண்டுக்கணக்கில் நீளும் பணியிடை நீக்கம். அது உண்மையிலேயே அநீதி. அஜய் குமார் சௌத்ரி வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ குற்றப்பத்திரிகையோ மூன்று மாதங்களுக்குள் தரப்படாவிட்டால் பணியிடை நீக்கம் நீடிக்கக் கூடாது என்றது. அதே தீர்ப்பு, பணியிடை நீக்கத்துக்கு உள்ளானவரை வேறு இடத்துக்கு மாற்றவும், ஆவணங்களைத் தொடவோ சாட்சிகளைத் தொடர்புகொள்ளவோ தடை விதிக்கவும் அரசுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடியை ஒட்டிய வழக்கில் சிக்கிய ஐபிஎஸ் அதிகாரியின் பல ஆண்டுப் பணியிடை நீக்கத்தை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்புகள் விசாரணையைத் துரிதப்படுத்தச் சொல்கின்றன. தொடக்கத்திலேயே தயங்கி நிற்க அவை சாக்காகாது.

அரசு செய்ய வேண்டியது ஓர் எழுத்துபூர்வமான விதியை வெளியிடுவது. காவல் மரணம், சித்திரவதை, பாலியல் குற்றம் ஆகியவற்றில் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் முதல்நிலை ஆதாரத்தைப் பார்த்துச் சில நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். பணியிடை நீக்கம் செய்தாலும் செய்யாவிட்டாலும் காரணத்தை எழுத வேண்டும். நிலையத்தின் பதிவேடுகளையும் கேமரா பதிவையும் அன்றே வெளியாரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதத்தில் மறுஆய்வு செய்து, திரும்ப அழைத்தால் அந்த வழக்கின் எல்லைக்கு வெளியே மட்டுமே பணியமர்த்த வேண்டும். நீதிமன்றம் கேட்கும்வரை, சட்டமன்றத்தில் குரல் எழும்வரை காத்திருக்கும் பழக்கத்தை உள்துறை இத்துடன் நிறுத்த வேண்டும்.